ஆறுமுகனுக்கு ஆறு கிலோ

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில், கொழுந்து மட்டுமே நிறுக்கிற தராசில், ஒரு நாள் பின்னேரம் என் மச்சானின் பயணப் பை தொங்கியது. மண்ணிறத்தில் தடித்த கன்வஸ் பை, இரண்டு பக்கமும் இரும்புக் கொளுவி. மேலே தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம். கீழே கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும், தங்கள் நிறுவையை மறந்துவிட்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றார். அவர் கும்பிட்டது தராசின் முள்ளை. அந்த முள் ஆறு கிலோவுக்கு இந்தப் பக்கம் நின்றால் அவர் சைக்கிளில் கதிர்காமம் போவார். அந்தப் பக்கம் போய்விட்டால் பஸ்ஸில்தான்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு அவர்தான் சாரதி. மலை மலையாகப் போய் மடுவங்களில் கொழுந்து ஏற்றிவந்து தொழிற்சாலையில் கொட்டுவார். அது தூளாகி வெளியே வரும்போது பையில் அடைத்து வாயைத் தைப்பது என் வேலை. "கொழுந்துக்கு நான் முன்வாசல், மாப்புள பின்வாசல்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் லொறியை மடுவத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கீழே இறங்க முடியாமல் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்றார்கள். பிழைத்து எழுந்தது முருகன் போட்ட பிச்சை. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. டொக்டர்மார் கையில் வந்திருந்து வேலை பார்த்ததும் அவன்தானே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே மச்சான் ஒரு வேண்டுதல் வைத்தார். மனதுக்குள் வைத்திருந்தால் பரவாயில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னார்: "முருகா, நான் எந்திரிச்சிட்டேன்னா ஒன் வாசலுக்கு பஸ்ஸுல வரமாட்டேன். சைக்கிள மிதிச்சே வாறேன். என் சாமான நானேதான் கொண்டு வருவேன், யாருகிட்டயும் குடுக்கமாட்டேன்." எழுந்தும் விட்டார். ஆனால் லொறியில் மட்டும் ஏறவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டுக் கேட்டும் ஏறவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னார்: "வாக்கு குடுத்துட்டு அத செய்யாம ஸ்டியரிங்கத் தொட்டா, அவரு மறுபடி கூப்பிட்டுக்குவாரு மாப்புள." லொறி ஓட்டத் தெரிந்த மனிதர் ஒரு வருஷமாகத் தொழிற்சாலை வாசலில் கேற் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வருஷம் முடிந்து கிளினிக் போனபோது டொக்டர், மெதுவாகச் சைக்கிள் ஓடலாம், நல்லதுதான், ஆனால் பாரம் கூடாது என்றார். மச்சான் வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் சொன்னார். கூடப் போயிருந்த நான் இரண்டாம் பாதியைச் சொல்லிவிட்டேன். சாமி விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வராது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆஸ்பத்திரியில் பத்து நாளும் தரையில் படுத்திருந்தவள் என் மனைவி. அவள் கேட்டாள்: "எத்தன கிலோன்னு டொக்டர் சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லல தங்கச்சி."

"அப்ப நான் சொல்றேன். ஆறுமுகனுக்கு ஆறு கிலோ. அதுக்கு மேல ஒரு பிடி இருந்தாலும் நீ பஸ்ஸுலதான் போற. நானும் பக்கத்துல ஒக்காந்து வருவேன்."

"நான் கூடப் போறேன்தானே, கனத்த என் சைக்கிள்ல போட்டுக்கிறேன்" என்றேன். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "வேண்டுதல் ஒங்களுக்கா அவனுக்கா?" என்றாள் அவள். சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தி, அதன்மேல் அண்ணன் கையை வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆறு கிலோ என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. மச்சானுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்த இரண்டு மாதம் நாங்கள் இரண்டு பேரும் திருவிழாவுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்த பிள்ளைகள் மாதிரி இருந்தோம். மச்சான் பண்டாரவளையில் கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். எனக்குத் தொழிற்சாலைக் காவலுக்கு நிற்கிற வோச்சரின் சைக்கிள். மலைத் தோட்டத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் உயிர் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துச் சமதரையில் நாங்கள் சுற்றிச் சுற்றிப் பழகியதைப் பார்த்துப் பெண்கள் கொழுந்துக்குப் போகிற வழியில் நின்று சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் தேத்தண்ணிக் கடை வாசலில் இரண்டு வெள்ளைக்காரர்கள், கணவனும் மனைவியும் போல, சைக்கிளைச் சாத்திவிட்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் பை. மச்சான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "தூக்கிப் பாக்கலாமா?" என்று தமிழிலேயே கேட்டு, கையாலும் காட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பையைக் கழற்றி நீட்டினார். மச்சான் அதை இரண்டு விரலில் தூக்கினார். "உள்ள ஒன்னுமில்ல போல மாப்புள." அந்த அம்மா திறந்து காட்டினார். உடுப்பு, சமைக்கிற அடுப்பு, மடித்த கூடாரம் ஒன்று. மச்சான் வாயைத் திறந்தபடி நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே புலம்பல்தான். "காத்துலயா நூல் நூக்குறாங்க? காத்துலயா துணி நெய்யிறாங்க?"

அந்த மாதிரிப் பை கேட்டு பண்டாரவளையில் எங்களுக்குப் பழக்கமான, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடைக்குப் போனோம். பள்ளிக்கூடப் பை, மரக்கறிப் பை, சவுதி போகிறவர்கள் வாங்குகிற சக்கரம் வைத்த பை எல்லாம் இருந்தன. சைக்கிளுக்கென்று ஒன்றும் இல்லை. மச்சான் ஒவ்வொரு பையாக வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தூக்கித் தூக்கிப் பார்த்தார். "கண்ண மூடிக்கிட்டுப் பை வாங்குற மனுசன இப்பதான் பாக்குறேன் ட்ரைவரே" என்றார் நானா. "பொண்ணு பாக்கவும் இப்படித்தான் போனீங்களா?"

"அப்பக் கண்ணத் தொறந்துக்கிட்டுப் போய்த்தான் ஏமாந்தேன் நானா."

சிரித்து முடித்த நானா, உள்ளே போய் அந்த மண்ணிறக் கன்வஸ் பையைக் கொண்டுவந்தார். "இது கிழிஞ்சா என் பேர மாத்திக்கிறேன்." நாங்கள் வந்த காரியத்தை அந்த நிமிஷத்திலேயே மறந்துவிட்டோம். பாரம் ஏற்றிப் பழகிய லொறிக்காரருக்குக் கிழியாததுதான் பை. எனக்கோ தையலைப் பார்த்தால் போதும். இரட்டைத் தையல், மெழுகு போட்ட நூல். நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மச்சான் கொளுவியைப் போட்டுப் பார்த்தார், லொறிக் கதவு மாதிரி சத்தம் வந்தது. வெறும் பையைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அத்தனை பையைத் தூக்கிப் பார்த்தவர் அதை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கடையை விட்டு நடந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாமான் அடுக்கினோம். சாரம் இரண்டு, கோவிலுக்கு வேட்டி, துவாய், சட்டை, மாத்திரைப் பெட்டி, கற்பூரம், ஊதுபத்தி, காற்று அடிக்கும் பம்ப். லொறியில் வைத்திருந்த பெரிய ஸ்பேனரும் வேண்டும் என்றார். அது இல்லாமல் அவர் வாழ்க்கையில் எந்தப் பயணமும் போனதில்லையாம். கடைசியாக எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலியில் பிடித்த தண்ணீர், பெரிய போத்தல் இரண்டு. மலையிலிருந்து குழாயில் விழுகிற அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவர். கீழ்நாட்டுத் தண்ணி ஒத்துக்காது, நெஞ்சைப் பிடிக்கும் என்று அவராகவே ஒரு வைத்தியம் வைத்திருந்தார். வீட்டில் தராசு இல்லை. "மடுவத்துக்குக் கொண்டு வா. எல்லார் முன்னாலயும் நிறுத்துப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கொழுந்துக்குப் போய்விட்டாள்.

அப்படித்தான் அந்தப் பை கொக்கியில் தொங்கியது. கணக்கப்பிள்ளை ஐயா, இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு முள்ளைப் பார்த்து, கொழுந்து நிறுக்கிற அதே குரலில் கூவினார்:

"ஆறு!"

மச்சான் துள்ளிவிட்டார். உண்மையாகவே இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. "முருகா!" என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்தார். நானும் கத்தினேன். அப்போது என் மனைவியின் குரல் கேட்டது.

"ஐயா, முள்ளு எட்டுல நிக்கிது."

கணக்கப்பிள்ளை ஐயா திரும்பிப் பார்த்தார். எட்டுதான். அவருக்கே திகைப்பு. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு நிறுவைக்கும் பைக்கு ஒரு கிலோ, கொழுந்தில் இருக்கும் தண்ணிக்கு ஒரு கிலோ என்று இரண்டு கிலோ கழித்துத்தான் சொல்வார்கள். கண் எட்டைப் பார்த்தால் வாய் ஆறு என்று சொல்லும். அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம். அதை வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் தன் கொழுந்தில் தினமும் இரண்டு கிலோ போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருத்தியின் கண்ணுக்கு அது தப்புமா?

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நாங்கள் எல்லாரும் சின்னம்மா என்று கூப்பிடுகிற ஒருவர், வாயில் வெற்றிலையோடு சொன்னார்: "எங்க கொழுந்துலதான் கழிக்கிறீங்க. சாமிக்குப் போற பையிலயுமா ஐயா?"

"பழக்கத்துல வந்திருச்சும்மா" என்றவர், உடனே சமாளித்தார். "பைக்கு ஒன்னு, தண்ணிக்கு ஒன்னு. உள்ள தண்ணிப் போத்தல் இருக்கா இல்லியா, அதக் கேளுங்க!" மடுவமே அதிர்ந்தது. மச்சானைத் தவிர எல்லாரும் சிரித்தோம். அவர் முகம் கேற் வாசலில் நிற்கும்போது இருக்கிற முகமாக மாறிவிட்டது. "ரெண்டு கிலோவுல என்னா தங்கச்சி..." என்று ஆரம்பித்தார்.

"சூடத்துல கை வச்சிருக்க" என்றாள் அவள். அவ்வளவுதான்.

"சாமான எடுத்துட்டு வெறும் பைய மாட்டுங்க, பாப்போம்" என்றார் சின்னம்மா. சாமான்களைப் படங்கின் மேல், அதாவது பெண்கள் இடுப்பில் கட்டுகிற அந்தத் தார்ப்பாய்த் துண்டின் மேல், பரப்பிவிட்டு வெறும் கன்வஸைக் கொக்கியில் மாட்டினோம். மூன்று கிலோ. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆறில் பாதியைப் பையே தின்றிருக்கிறது. கணக்கப்பிள்ளை ஐயாவுக்கோ கொண்டாட்டம். "பாத்தீங்களா? பைன்னா கனம் இருக்கும். இந்தா, மூனு! நான் ஒங்ககிட்ட ஒன்னுதானே கழிக்கிறேன்? எனக்குக் கோயில் கட்டணும் நீங்க."

என் மனைவி முன்னால் வந்தாள். முதுகில் தொங்கிய தன் கொழுந்துச் சாக்கை, தலையில் மாட்டியிருந்த கயிற்றோடு இறக்கினாள். கொழுந்து முழுவதையும் படங்கில் கொட்டினாள். சாக்கை உதறினாள். கன்வஸைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் நைலோன் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

முள் அசையவில்லை.

சிரிப்பு நின்றது. கணக்கப்பிள்ளை ஐயா தராசின் வட்டத்தை விரலால் தட்டினார். "ஒட்டிக்கிருச்சு போல" என்றார். மறுபடி தட்டினார். முள் ஒரு நூல் நகர்ந்தது, திரும்ப வந்து நின்றது. அத்தனை வருஷமாக அந்தக் கொக்கியில் வெறும் சாக்கை யாரும் மாட்டிப் பார்த்ததில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை ஐயா கெட்டவர் இல்லை. மெதுவான குரலில் சொன்னார்: "நான் வேலைக்கு வந்தப்ப பெரப்பங்கூடைம்மா. அதுக்குக் கழிச்சது. கூடை போயி சாக்கு வந்துச்சு. கழிக்கிறது மட்டும் அப்பிடியே நின்னுருச்சு. எனக்கும் இப்பத்தான் வெளங்குது."

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "அத நாளைக்குப் பேசிக்குவோம் சின்னம்மா. இவன் விடியக்காலைல போகணும்." கொக்கியிலிருந்து சாக்கைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். "இந்தா. இதுதான் ஒன் பை."

சின்னம்மா தன்னுடையதையும் கொட்டிவிட்டுக் கொடுத்தார். இரண்டு சாக்கிலும் சாமானைப் பிரித்துப் போட்டுச் சேர்த்து மாட்டினோம். ஸ்பேனர், பீலித் தண்ணீர் எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முள்ளை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சே கால். ஒன்னும் கழிக்கல." இந்தத் தடவை துள்ளியது மச்சான் மட்டும் இல்லை. மடுவத்தில் எழுந்த அரோகரா சத்தம் பக்கத்து மலைக்குக் கேட்டிருக்கும்.

பொழுது சாய்வதற்குள் என் மனைவி இரண்டு சாக்கையும் வாயோடு வாய் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்துவிட்டாள். கேரியரில் போட்டால் சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்கும். கயிற்றை வெட்டாமல் அதையே கட்டுவதற்கு வைத்துக்கொண்டாள். மழைக்கு என்ன செய்வதென்று நான் யோசித்து, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டு, தூள் பையின் உள்ளே வருகிற வெள்ளித் தாளில் கழிவாகக் கிடந்ததைக் கொண்டுவந்து உள்ளே போட்டேன். அப்புத்தளையில் பார்த்த பைக்கு அது எந்த விதத்திலும் குறைந்தது இல்லை என்று மச்சான் சொன்னார். இரண்டு விரலில் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் விடியும்போது கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினோம். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்து, காற்று சூடாகி, மண் வாசம் மாறியது. மச்சான் முன்னால் போனார். சாக்கு அசையவே இல்லை. மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தார், மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளினார், நடுநடுவே லொறி ஹோன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்தார். வெல்லவாய வெயிலில் பீலித் தண்ணீர் தீர்ந்துபோக, அந்த ஊர்த் தண்ணீரையே வாங்கிக் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. புத்தளைக்கு அந்தப் பக்கம் காட்டு வழியில் பச்சையாக யானைச் சாணி கிடந்தது. நான் கந்தர் சஷ்டி கவசத்தை இரண்டு தடவை முடித்தேன். மச்சான் பயப்படவில்லை. "யானையும் அவரு அண்ணன்தானே மாப்புள, மிதி" என்றார்.

போய் வந்த அடுத்த வாரமே மச்சான் லொறியில் ஏறிவிட்டார். ஓய்வு பெறும்வரை ஓட்டினார். நாங்கள் புறப்பட்ட அன்று காலையிலேயே மடுவத்தில் ஒவ்வொரு பெண்ணும் வெறும் சாக்கை முதலில் மாட்டிவிட்டுத்தான் கொழுந்தை மாட்டினார்களாம். சில நாள் அப்படியே போய், பேச்சு ஒப்பிஸ் வரை ஏறி, பைக்குக் கழிப்பது நின்றது. தண்ணிக்குக் கழிப்பது நிற்கவில்லை. வெயில் நாளிலும் அதைக் கழிப்பது பற்றி இன்னும் சண்டைதான். மச்சான் இப்போது மொனராகலையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே சமதரை, தினமும் மிதிக்கிறார். இங்கே இப்போது கதிர்காமத்துக்குச் சைக்கிளில் போகிற பையன்கள் கூடிவிட்டார்கள். எந்தப் பை வாங்கலாம் என்று போனில் படம் படமாகக் காட்டி என்னிடம் கேட்கிறார்கள். எல்லாம் அழகான பை. வெறும் பையை முதலில் நிறுத்துப் பாருங்கடா என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியாது.

அந்தப் பயணத்தில் நாங்கள் கதிர்காமம் போய்ச் சேர்ந்தது இரண்டாம் நாள் மத்தியானம். மாணிக்க கங்கையில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு, கோவில் வாசலுக்கு நடக்க வேண்டும். சாமானைத் தானே கொண்டுவருவேன் என்பது வாக்கு. மச்சான் சாக்கைக் கேரியரிலிருந்து அவிழ்த்தார். எப்படிக் கொண்டுபோவது என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, கொழுந்துப் பெண்களிடம் தன் வாழ்நாளெல்லாம் பார்த்திருந்த மாதிரியே, அதை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். தண்ணீர்ப் போத்தல் இரண்டும் காலி. அப்போது மூன்று, மூன்றரைக் கிலோதான் இருந்திருக்கும். பாலத்தைத் தாண்டி வீதியில் நூறடி போயிருப்போம். நின்றுவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நெஞ்சா மச்சான்?" என்று ஓடினேன்.

"நெஞ்சு இல்ல" என்றார். கயிற்றுக்குள் விரலை விட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. "போனக் குடு."

தங்கைக்கு அழைத்தார். அவள் கொழுந்தில் நின்றிருக்க வேண்டும், காற்றுச் சத்தம் எனக்கே கேட்டது. "தங்கச்சி" என்றார், "இத்தூண்டு கனத்துக்கே கயிறு தலைய அறுக்குதுடி. நீங்க தலைக்கயித்துல சொமந்து வந்தத மடுவத்துல இருந்து லொறியில கொண்டுபோயிருக்கேன், முப்பது வருசம். ஒரு நாள் தூக்கிப் பாத்ததில்லையே."

"வாசலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"தெரியுது தங்கச்சி. வாசலே தெரியுது."

"அப்ப ஏன் நிக்கிற? கயித்தக் கொஞ்சம் பின்னால தள்ளி விட்டுக்க, அறுக்காது. நட."

மச்சான் கயிற்றைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நடந்தார்.